தமிழ்நாட்டு ரேஷன் கார்டை கேரளாவுக்கு மாத்துனா கையில இருந்து எவ்வளவு போகும்? எல்லைப்பக்கத்து ஜனங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம்னு பாலக்காடு எல்லை செக்போஸ்ட்டை ஒட்டி இருக்குற ஊருங்கள்ல பாதி குடும்பத்துக்கு வேலை ஒரு பக்கம், கார்டு இன்னொரு பக்கம். பொள்ளாச்சி பக்கத்துப் பொண்ணு கல்யாணமாகி கொழிஞ்சாம்பாறைக்கு வந்திருக்கும், கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலை கிடைச்சு குடும்பமே வாளையார் தாண்டி வாடகைக்கு வந்திருக்கும். அப்புறம் "கார்டை மாத்திடலாமா"ன்னு பேச்சு வரும். மாத்துறதுக்கு ஃபீஸ் எவ்வளவுன்னுதான் எல்லாரும் கேக்குறாங்க, ஃபீஸ் ஒரு விஷயமே இல்லைங்க, பழசு நின்னு புதுசு வர்ற வரைக்கும் நடுவுல போற மாசங்கதான் செலவு. அதை மனசுல வச்சுட்டு படிங்க.

கே: ஒரே நாடு ஒரே ரேஷன் இருக்குதே, அப்புறம் எதுக்கு கார்டை மாத்தணும்? தமிழ்நாட்டு கார்டை வச்சே பாலக்காடு சித்தூர்ல அரிசி வாங்க முடியாதா?

வாங்கலாம், ஆனா எல்லா கார்டுக்கும் இல்ல. உங்க ஸ்மார்ட் கார்டை எடுத்து பாருங்க, பிஎச்எச் (முன்னுரிமை கார்டு) இல்லைன்னா பிஎச்எச்-ஏஏஒய் (ரொம்ப ஏழைங்களுக்கான அந்தியோதயா கார்டு)னு இருந்தா மட்டும்தான் அந்த வசதி. என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாத கார்டு)னு இருந்தா கேரளா கடையில உங்க ரேகைய வச்சாலும் ஒண்ணும் வராது, ஏன்னா அந்த அரிசிய தமிழ்நாடு தன் சொந்தக் காசுல குடுக்குது, மத்திய அரசோட 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல அந்த கார்டு வரவே வராது.

பிஎச்எச் இருந்தாலும் கேரளாவுல கிடைக்குறது ஆளுக்கு 5 கிலோ மட்டும், ஏஏஒய்க்கு குடும்பத்துக்கு 35 கிலோ. அது இலவசம், 2024 ஜனவரியில இருந்து அஞ்சு வருஷத்துக்குன்னு நீட்டிச்சிருக்காங்க. ஆனா தமிழ்நாட்டுல கிலோ 30 ரூபாய்க்கு வாங்குற துவரம்பருப்பு, 25 ரூபாய்க்கு வாங்குற பாமாயில், சர்க்கரை இதெல்லாம் செக்போஸ்ட் தாண்டாது. அதுக்கு மாசம் ஒருக்கா யாராச்சும் சொந்த ஊர் கடைக்கு போய் ரேகை வச்சுட்டு வரணும். எல்லையில இருக்குறவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல, ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்கு போறப்ப வாங்கிட்டு வர்றவங்கள எனக்கே தெரியும் (கடை தொறந்திருக்குற ஞாயிறான்னு பாத்துட்டு போங்க).

பிஎச்எச் கார்டு இருக்கு, வேலை எப்ப வேணா மாறும்னா மாத்தவே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

கே: சரி, மாத்தியே ஆகணும். மொத்தமா என்ன போகும், என்ன வரும்? ஒரு கணக்கு போட்டு சொல்லுங்களேன்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கலாம். புருஷன், பொண்டாட்டி, ஸ்கூல் போற பையன், வயசான மாமியார். தமிழ்நாட்டுல என்பிஎச்எச் கார்டு. பொண்டாட்டிக்கு கலைஞர் மகளிர் உரிமைத்தொகை 1000, மாமியாருக்கு முதியோர் பென்ஷன் 1200, ரேஷன்ல 20 கிலோ அரிசி இலவசம். அந்த அரிசிய வெளிய கிலோ 45 ரூபாய்க்கு வாங்குறதா வச்சுக்கிட்டா 900 ரூபாய். ஆக மாசம் 3100. பருப்பு, எண்ணெய் எல்லாம் நான் சேர்க்கல.

இப்ப கேரளா பக்கம். இங்க நாலு கலர் கார்டு: மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை. மஞ்சளும் பிங்கும் மத்திய சட்டத்துல வர்ற முன்னுரிமை கார்டு, நீலமும் வெள்ளையும் அதுக்கு வெளிய. பிங்க் கிடைச்சா ஆளுக்கு 5 கிலோ தானியம் கணக்குல நாலு பேருக்கு 20 கிலோ இலவசம், அரிசில சமம் ஆயிடுச்சு. மாமியாருக்கு பென்ஷன் 2000, 2025 நவம்பர்ல 1600ல இருந்து ஏத்துனாங்க. பொண்டாட்டிக்கு வயசு 35ல இருந்து 60க்குள்ள இருந்து வேற பென்ஷன் எதுவும் வாங்கலைன்னா, கேரளா 2025 அக்டோபர்ல அறிவிச்ச பெண்கள் பாதுகாப்புத் திட்டத்துல மாசம் 1000, ஆனா அது மஞ்சள், பிங்க் கார்டு வீட்டுக்கு மட்டும். எல்லாம் கூடி வந்தா 3900. மாசம் 800 லாபம்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா புதுசா வர்ற குடும்பத்துக்கு யாரும் முதல் நாளே பிங்க் கார்டைத் தூக்கிக் குடுக்குறதில்ல. வெள்ளைதான் வரும். வெள்ளைன்னா அரிசி காசு குடுத்துதான், அளவும் மாசத்துக்கு மாசம் மாறும், பொண்டாட்டிக்கு 1000 கிடையாது. அடுத்தபடியா நீலம்னா ஆளுக்கு 2 கிலோ, கிலோ 4 ரூபாய், நாலு பேருக்கு 8 கிலோ 32 ரூபாய். மாமியார் பென்ஷனும் அதே மாசம் வந்துடாது. ஆக கார்டை சரண்டர் பண்ணுன மாசத்துல இருந்து பிங்கும் பென்ஷனும் வர்ற வரைக்கும் மாசம் 3100 நஷ்டம். ஆறு மாசம் இழுத்துச்சுன்னா 18,600. மாசம் 800 லாபத்துல அதை திரும்ப எடுக்க ரெண்டு வருஷம் ஆகும். அதுக்குள்ள வீட்டுக்காரரு வேற கம்பெனிக்கு போயிருப்பாரு.

கே: அலைச்சல் செலவு?

அதை யாரும் கணக்குல எழுதறதில்ல, ஆனா தினக்கூலிக்காரங்களுக்கு அதுதான் முதல்ல வலிக்கும். தமிழ்நாட்டு கார்டை ரத்து பண்ணி சரண்டர் சர்டிபிகேட் எடுக்கணும், அதுக்கு இ-சேவை இல்லைன்னா தாலுக்கா வட்ட வழங்கல் ஆபீஸ். இங்க வந்து வீட்டு அட்ரஸ் ப்ரூஃப், அதுக்கு பஞ்சாயத்து. வருமான சர்டிபிகேட், அதுக்கு வில்லேஜ் ஆபீஸ். கார்டு அப்ளிகேஷன் அக்ஷயால (கேரளாவோட இ-சேவை மையம்), விசாரணைன்னா சித்தூர் தாலுக் சப்ளை ஆபீஸ். நாள் கூலி 700னு வச்சு அஞ்சு நாள் போச்சுன்னா 3500 போச்சு, அக்ஷயால குடுக்குற ஃபீஸ் அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. அதனாலதான் சொல்றேன், "ஃபீஸ் எவ்வளவு"ன்னு கேக்காதீங்க, "எத்தனை நாள் லீவு போடணும்"னு கேளுங்க.

இதுல வாடகை வீட்டுக்காரங்களுக்கு இன்னொரு தலைவலி. ஓனர் கையெழுத்து போட யோசிப்பாரு. கார்டுல பேரு ஏறிட்டா நாளைக்கு வீட்டையே கேப்பாங்கன்னு ஒரு பயம் அவங்களுக்கு, ரேஷன் கார்டை வச்சு யாரும் வீட்டுக்கு உரிமை கொண்டாட முடியாதுன்னு பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. வீட்டுக்குள்ள பொட்டிய இறக்குறதுக்கு முன்னாடி அக்ரிமெண்ட்டை பேசி முடிச்சுடுங்க, உள்ள போனதுக்கப்புறம் கேட்டா இழுப்பாங்க.

கே: பிங்க் கார்டு எப்பத்தான் கிடைக்கும்?

வருஷம் பூரா அப்ளிகேஷன் வாங்க மாட்டாங்க. அப்பப்ப தேதி அறிவிச்சு வெள்ளை, நீல கார்டுக்காரங்க பிங்க்குக்கு அப்ளை பண்ணலாம்னு சொல்லுவாங்க, அப்ப அக்ஷயால போடணும். மார்க் போட்டு எடுப்பாங்க. சொந்த வீடு இல்லாதவங்க, வீட்டுல கேன்சர், கிட்னி மாதிரி பெரிய நோய் இருக்குறவங்க, மாற்றுத்திறனாளி இருக்குறவங்களுக்கு முன்னுரிமை. கேரளாவுக்கு மொத்தமா 1.54 கோடி பேருன்னு மத்திய அரசு எண்ணிக்கைய கட்டி வச்சிருக்கு, அதுக்கு மேல ஒரு ஆளைக் கூட சேர்க்க முடியாது, ஒருத்தர் வெளிய போனாத்தான் இன்னொருத்தர் உள்ள. அதனால ஆபீஸ்ல உக்காந்திருக்குறவர திட்டி பிரயோஜனமில்ல, அவரு கையில சீட்டு இல்ல.

வெளிய அனுப்புற ரூல்ஸ் தெரிஞ்சுக்குங்க: வீட்டுல யாருக்காச்சும் கவர்மெண்ட் வேலை, ஒரு ஏக்கருக்கு மேல நிலம், 1000 சதுர அடிக்கு மேல வீடு, மாசம் 25,000க்கு மேல வருமானம், சொந்த உபயோகத்துக்கு நாலு சக்கர வண்டி. டாக்ஸி ஓட்டி பொழைக்கிறவருக்கு வண்டி விஷயத்துல விலக்கு உண்டு. ஆனா பையன் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய ஆம்னி வாங்கி வீட்டு முன்னாடி நிறுத்துனான்னா அதுவும் கார்தான், பிங்க் போகும். தகுதி இல்லாம வச்சிருந்தா வாங்குன அரிசிக்கு மார்க்கெட் விலை போட்டு திருப்பி வாங்குவாங்க. மூணு மாசம் தொடர்ந்து அரிசி வாங்காம விட்டாலும் முன்னுரிமையில இருந்து தூக்கிடுவாங்க. "எனக்கு மட்டை அரிசி புடிக்காது"ன்னு கடைப்பக்கமே போகாத நம்மாளுங்க இதுல மாட்டுறாங்க, புடிக்கலைன்னாலும் கோதுமையாச்சும் வாங்கி வைங்க.

கே: ரெண்டு பக்கமும் கார்டு வச்சிருக்கவங்க இருக்காங்களே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?

ஆதார் இணைக்குறதுக்கு முன்னாடி நடந்துச்சு. இப்ப ஒரே ஆதார் ரெண்டு கார்டுல இருந்தா தெரிஞ்சுடும், ரெண்டும் போகும். வேண்டாம்.

கே: அண்ணா, அம்மாவுக்கு தமிழ்நாட்டு பென்ஷன் 1200 வருது. கேரளாவுல 2000ங்கறாங்க. மாத்திடலாமா?

அம்மா நிஜமாவே உங்ககூடதான் இருக்காங்களா, இல்ல பேருக்கு மாத்தப் பாக்குறீங்களா? கூடவே இருக்காங்கன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல முதல்ல ஒண்ணு கேளுங்க, எத்தனை வருஷம் கேரளாவுல குடியிருந்த ஆதாரம் வேணும்னு. அது தெரியாம அங்க 1200ஐ நிறுத்திட்டு வந்துடாதீங்க. குடும்ப வருமானம் வருஷம் ஒரு லட்சத்துக்குள்ளன்னு வில்லேஜ் ஆபீஸ்ல சர்டிபிகேட் வேணும். ஒரே வீட்டுல இருக்குற மகனோட சம்பளத்தை அந்தக் கணக்குல சேப்பாங்களா மாட்டாங்களான்னு அங்கயே கேட்டுக்குங்க.

இன்னொண்ணு. 2000ங்கறது அறிவிச்ச தொகை, கைக்கு வர்ற தேதி வேற கதை. 2023-24ல மாசக்கணக்குல பாக்கி விழுந்துச்சு, அப்புறம் தவணையா குடுத்தாங்க. வருஷா வருஷம் மஸ்டரிங் வேற பண்ணணும், ஆளு உசுரோட இருக்காங்கன்னு அக்ஷயால ரேகை வச்சு காட்டணும், விட்டா பென்ஷன் நிக்கும். படுத்த படுக்கையா இருந்தா வீட்டுக்கே வந்து எடுப்பாங்க, வார்டு மெம்பர்கிட்ட சொல்லி வைங்க.

கே: ரேகை விழலைங்க. செங்கல் சூளையில வேலை, விரல் தேஞ்சு போச்சு.

இது தினமும் வர்ற கேள்வி. தென்னை ஏறுறவங்க, கள்ளு எறக்குறவங்க, சூளைக்காரங்க எல்லாருக்கும் இதே பாடுதான். போன மாசம் ஒரு பெரியவர பாத்தேன், தென்னை ஏறி ஏறி கட்டை விரல் வழுவழுன்னு ஆயிடுச்சு, மெஷின்ல வைக்குறாரு, சிவப்பு லைட்டு, வேட்டியில தொடச்சுட்டு திரும்ப வைக்குறாரு, திரும்ப சிவப்பு. கடைசியில சுண்டு விரல்ல எடுத்துக்கிச்சு. அதனால பத்து விரலையும் வச்சு பாக்கச் சொல்லுங்க, கட்டை விரல் மட்டும்னு ஒண்ணும் சட்டமில்ல. முந்தின நாள் ராத்திரி தேங்காண்ணெய் தடவிட்டு காலையில கழுவிட்டு வந்தா ஓரளவு விழும். அதுவும் ஆகலைன்னா கண்ணு ஸ்கேனர் இருக்குற இடத்துல எடுக்கச் சொல்லுங்க, ஆதார்ல போன் நம்பர் லிங்க் ஆயிருந்தா ரேஷனுக்கு ஓடிபி வழியும் உண்டு. அந்த போன் நம்பர் மூணு வருஷத்துக்கு முன்னாடி தூக்கிப்போட்ட சிம்மா இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கே: பேருல இனிஷியல் பிரச்சனை. அங்க அப்பா பேரோட முதல் எழுத்து, இங்க வீட்டுப்பேரு கேக்குறாங்க.

எல்லாத்தையும் ஆதார்ல இருக்குற மாதிரியே போடுங்க. ஆதார்லயே தப்புன்னா அதை திருத்திட்டு மத்ததை தொடுங்க, இல்லைன்னா ஒவ்வொரு ஆபீஸ்லயும் திருப்பி அனுப்புவாங்க. மலையாளம் எழுதத் தெரியலைன்னு யாரும் கூச்சப்பட வேண்டாம், கேரளா ஆட்சிமொழிச் சட்டம் 1969லயே, மொழிச் சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடத்துல இருக்குற ஆபீசுங்களுக்கு தமிழ்ல எழுதிக் குடுக்கலாம்னு இருக்கு. ஃபார்ம் மலையாளத்துல இருந்தாலும் கூட வைக்குற மனுவ தமிழ்ல எழுதுங்க.

கே: பசங்க படிப்பு?

இதை ரொம்பப் பேரு கடைசியில யோசிக்குறாங்க, முதல்ல யோசிக்கணும். தமிழ்நாட்டுல 6ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000, பையனுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து தமிழ்ப் புதல்வன் அதே 1000. நடுவுல பொண்ண கேரளா ஸ்கூலுக்கு மாத்துனா அந்த வரிசை அறுந்துடும். மூணு வருஷ டிகிரிக்கு 36,000 ரூபாய். பொண்ணு பத்தாவதோ பதினொண்ணாவதோ படிக்குதுன்னா பாட்டி வீட்டுலயே இருந்து முடிக்கட்டும், ரெண்டு வருஷத்துல ஒண்ணும் ஆயிடாது.

கே: கம்பெனில சம்பளம் ஏத்துறாங்க. ஏத்துனா இஎஸ்ஐ போயிடும்ங்கறாங்க. நெசமா?

நெசம். மாச சம்பளம் 21,000 வரைக்கும்தான் இஎஸ்ஐ, அந்த லிமிட் 2017 ஜனவரில வச்சது, அதுக்கப்புறம் விலைவாசி எங்கயோ போயிடுச்சு, லிமிட் அங்கயேதான் நிக்குது. 20,800 வாங்குறவருக்கு 400 ஏத்துனா 21,200. இத்தன நாள் அவரு கட்டுனது 0.75 சதவீதம், அதாவது 156 ரூபாய், முதலாளி கட்டுனது 3.25 சதவீதம், 676 ரூபாய். இந்த 832 ரூபாய்க்கு குடும்பத்துக்கே ஆஸ்பத்திரி, உடம்பு சரியில்லாத நாளுக்கு சம்பளத்துல ஒரு பங்கு, பிரசவ லீவுக்கு காசு எல்லாம் இருந்துச்சு. 400 ரூபாய் ஏத்தத்துல இதெல்லாம் வெளிய வாங்க முடியுமான்னா முடியாது.

ஆனா உடனே நிக்காது, இதை ஹெச்ஆர்ல யாரும் சொல்றதில்ல. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச்னு ரெண்டு கணக்கு. நடுவுல 21,000 தாண்டுனாலும் அந்த ஆறு மாசம் முடியுற வரைக்கும் பிடித்தம் உண்டு, ஏப்ரல்-செப்டம்பர்ல கட்டுனதுக்கான பலன் அடுத்த வருஷம் ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் வரும். ஆக ஏப்ரல் தாண்டி, மே மாசம் வாங்குற இன்க்ரிமெண்ட்டுக்கு செப்டம்பர் வரைக்கும் கட்டி, ஜூன் வரைக்கும் ஆஸ்பத்திரி பாக்கலாம். வீட்டுல பிரசவமோ ஆபரேஷனோ தள்ளி வச்சிருந்தா அதுக்குள்ள பாத்துடுங்க.

நல்ல சேதி ஒண்ணு, இஎஸ்ஐ நம்பரும் பிஎஃப் யுஏஎன்னும் மத்திய அரசோடது, செக்போஸ்ட் தாண்டுனாலும் அதே நம்பர்தான். ரேஷனும் இப்படி இருந்திருந்தா இந்தப் பக்கத்தையே நான் எழுதியிருக்க வேண்டியதில்ல.

கே: நூறு நாள் வேலை கார்டு?

பஞ்சாயத்தோட ஒட்டுனது, மாத்தியே ஆகணும். 2025-26ல கேரளா கூலி 369, தமிழ்நாடு 336, நாளுக்கு 33 ரூபாய் வித்தியாசம், நூறு நாளும் கிடைச்சா 3300. கிடைச்சா. 2025 டிசம்பர்ல பார்லிமெண்ட்ல பழைய சட்டத்துக்கு பதிலா புதுச் சட்டம் கொண்டு வந்து 125 நாள்னு சொல்லியிருக்காங்க, ஆனா முன்னாடி கூலி முழுக்க மத்திய அரசு குடுத்தது, புதுசுல 60:40, நாப்பது பங்கு மாநிலம் போடணும். விவசாய சீசன்ல 60 நாள் வேலை நிறுத்தி வைக்கலாம்னும் இருக்கு. கையில காசில்லாத மாநிலம் எத்தனை நாள் வேலை திறக்கும்னு நீங்களே யோசிங்க.

கே: அரசாங்கத்துக்கு இதுல என்ன செலவு? ஏன் இப்படி ஆளுக்கொரு ரூல்?

கேரளா பென்ஷன் வாங்குறவங்க சுமார் 62 லட்சம் பேரு. 1600ஐ 2000 ஆக்குனா ஆளுக்கு 400, மாசம் 248 கோடி, வருஷம் கிட்டத்தட்ட 3000 கோடி கூடுதல். தமிழ்நாட்டுல உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சப்ப சுமார் 1.06 கோடி பேரு, அது வருஷத்துக்கு 12,700 கோடிக்கு மேல. இதுல மத்திய அரசு பங்கு எவ்வளவுன்னு பாத்தா முதியோர் பென்ஷன்ல 60ல இருந்து 79 வயசு வரைக்கும் ஆளுக்கு 200 ரூபாய், 2007ல இருந்து அதே 200. அதுவும் வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்குறவங்களுக்கு மட்டும். மிச்சத்தை மாநிலம் எங்கயாச்சும் தேடணும். கேரளா 2023 ஏப்ரல்ல இருந்து பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டுச்சு, இந்த பென்ஷனுக்குன்னே. ஆட்டோக்காரரு தன் அம்மா பென்ஷனுக்கு தானே பம்புல கட்டுறாரு. அதனாலதான் கோபாலபுரம் தாண்டி தமிழ்நாட்டு பங்க்ல போய் பெட்ரோல் போடுற கூட்டம்.

ரூல் வேற வேறயா இருக்குறதுக்கு காரணம் 1997ல இருந்து வருது. அப்ப மத்திய அரசு ஏழைக்கு மட்டும் ரேஷன்னு பிரிச்சப்ப தமிழ்நாடு ஒத்துக்கல, அரிசி கார்டு இருக்குற எல்லாருக்கும்னு சொந்தக் காசை போட்டுச்சு. கேரளாவும் அதுவரைக்கும் எல்லாருக்கும் குடுத்த மாநிலம்தான், ஆனா அந்தப் பிரிப்புக்குள்ள போயிடுச்சு. என்னைக் கேட்டா தமிழ்நாட்டு வழிதான் கூலிக்காரங்களுக்கு லேசு. பட்டியல் போட்டு ஏழைய தேடுனா அரசாங்கத்துக்கு அரிசி மிச்சமாகும், வாஸ்தவம், ஆனா நான் ஏழைதான்னு வருஷா வருஷம் நிரூபிக்குற செலவு அந்த ஏழை தலையில விழுது. அந்த அஞ்சு நாள் கூலி எந்த பட்ஜெட்லயும் வராது.

கே: கடைசியா, மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டோம். எந்த வரிசையில பண்ணணும்?

முதல்ல வாடகை அக்ரிமெண்ட், அப்புறம் எல்லாரோட ஆதார்லயும் பேரு, போன் நம்பர் சரி பண்ணுறது. பஞ்சாயத்துல பென்ஷனுக்கு எத்தனை வருஷ ஆதாரம் வேணும்னு கேட்டு வைக்குறது. பிங்க் அப்ளிகேஷன் தேதி அறிவிச்சிருக்காங்களான்னு அக்ஷயால விசாரிக்குறது. இதெல்லாம் முடிஞ்சதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டு கார்டு சரண்டர், அதுவும் அந்த மாசத்து அரிசி பருப்பு எல்லாம் வாங்கிட்டு, உரிமைத்தொகை அக்கவுண்ட்ல ஏறுனதுக்கப்புறம். சரண்டர் சர்டிபிகேட்டை நாலு ஜெராக்ஸ் எடுத்து வைங்க, ஒரிஜினலை எந்த ஆபீஸ்லயும் விட்டுட்டு வராதீங்க. வயசானவங்க ஊர்லயே இருக்க இஷ்டப்பட்டா அவங்க பேரை மட்டும் அங்க விட்டுட்டு, உங்க பேருகளை நீக்கி இங்க சேக்கலாம், குடும்பம் முழுக்க ஒரே நாள்ல மாத்தணும்னு எங்கயும் கட்டாயமில்ல.